கடனறிந்த பாட்டனார்: தாதாபாய் நௌரோஜி

ஊருக்கு ஒரு பாட்டனார் இருப்பார். வேலிச் சண்டையா, கலியாணப் பேச்சா, கோயிற் கொடியேற்றமா, பிள்ளையை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது என்ற யோசனையா, எதுவாயினும் அது அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தே தீரும். தம் பேரப்பிள்ளைகளுக்கு மாத்திரமன்றி, அயலவர் பிள்ளைகளுக்கும் அவர் பாட்டனாரே. இவ்வாறு ஓர் ஊருக்கன்றி, ஒரு பெருந்தேசத்துக்கே பாட்டனாராய் விளங்கிய ஒருவரின் வாழ்க்கையை இம்மலர் வாயிலாக நினைவுகூர விரும்புகின்றேன். அவரே தாதாபாய் நௌரோஜி.

குஜராத்தி மொழியிலே தாதா என்பது தந்தையின் தந்தையைக் குறிக்குஞ் சொல். பாய் என்பது சகோதரன். குழந்தைக்கு இட்ட அப்பெயர் முதுமையில் அவருக்கு முற்றும் பொருந்திற்று. இந்திய மக்கள் யாவரும் அவரை முதுபெருங் கிழவர் என்றே அன்புடன் அழைத்தனர். ஆயினும் அவர் தமக்கெனவும் ஒரு குடும்பம் உடையவர். தாயும் மனைவியும் மக்களும் பேரப்பிள்ளைகளும் உடையவர். வீட்டைக் கவனியாதவன் நாட்டைக் கவனிப்பது எங்ஙனம் என்று எங்கள் பெரியோர் கேட்பர். வீடு வீடு என்றிருப்பவன் நாட்டுக்கு என்ன செய்வான் என்று இளைஞராகிய நாம் எதிர்க்கேள்வி போடுவோம். இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே வாழ்க்கையில் விடை தேடியவர் தாதாபாய் ஆதலின், அவர் கதை பெரியோருக்கும் இளையோருக்கும் ஒருங்கே பயன்படும்.

1825-ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 4-ஆந் திகதி, குஜராத்திலுள்ள நவ்சாரியைத் தாயகமாகக் கொண்ட ஓர் ஏழைப் பார்சிக் குடும்பத்தில் தாதாபாய் பிறந்தார். பார்சிகள், பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்து குடியேறிய சொராஸ்திர சமயத்தவர். தாதாபாயின் முன்னோர் அச்சமயத்தின் குருமார். பிள்ளைக்கு நான்கு வயதாகும்பொழுதே தந்தையார் இறந்துவிட்டார். தாயார் மாணெக்பாய் மறுமணஞ் செய்துகொள்ளவில்லை. தம் சகோதரரின் துணையோடு, பாடுபட்டு மகனை வளர்த்தார். அவ்வம்மையார் எழுத வாசிக்க அறியாதவர். எனினும் மகன் கற்கவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த உறுதி, கற்றவர் பலருக்கும் இல்லாத உறுதியாகும். தாம் ஆனதெல்லாம் தாயாரால் ஆனது என்று தாதாபாய் முதிர்ந்த வயதிலும் நன்றியோடு எழுதிவைத்தார்.

பம்பாயிலே சம்பளம் வாங்காத பாடசாலை ஒன்று அக்காலத்தில் நடந்தது. அது இல்லாதிருந்தால் அவ்விதவைத் தாயின் மகன் கற்றிருக்க முடியாது. அங்கு தொடங்கிய கல்வி எல்பின்ஸ்ரன் கலாசாலையில் நிறைவெய்தியது. படித்து முடிக்குந் தறுவாயில் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிற்று. தம் கல்விக்குச் செலவான பணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஏழைகள் செலுத்திய வரியே தம்மைப் படிப்பித்தது. ஆகவே தாம் பெற்றதைப் பொதுமக்களுக்குத் திருப்பிக் கொடுத்தல் தம் கடன் என்பதே அவ்வெண்ணம். அவரது நீண்ட ஆயுள் முழுவதும் இந்த ஓர் எண்ணத்தின் விரிவு என்றே சொல்லலாம்.

அவருடைய திறமையைக் கண்ட பிரதம நீதியரசர் சேர் எர்ஸ்கின் பெரி, அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சட்டம் படிப்பிக்க விரும்பினார். செலவிற் பாதியைத் தாம் தருவதாகவும் மற்றப் பாதியைப் பார்சிச் சமூகத்துப் பெரியோர் தரவேண்டும் எனவும் கூறினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் பார்சி இளைஞர் சிலர் கிறிஸ்தவராக மாறியிருந்தனர். இவனும் சீமைக்குப் போனால் மதம் மாறிவிடுவான் என்று அஞ்சிப் பெரியோர் பின்வாங்கினர். மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு இவ்வச்சம் புதிதன்று. எங்கள் ஊர்ப் பெரியோரும் ஒரு காலத்தில் இவ்வாறே அஞ்சியதைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். பெரியோரின் அச்சத்தைத் தாதாபாய் இகழவில்லை. அவர்களோடு பகைக்கவும் இல்லை. பம்பாயிலேயே தங்கித் தாம் கற்ற கலாசாலையில் ஆசிரியரானார். 1854-ஆம் ஆண்டில் அங்கே கணிதப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அத்தகைய பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

கடனைத் தீர்க்க அவர் பெரிய பதவி வரும்வரை காத்திருக்கவில்லை என்பதையும் ஈண்டு குறிப்பிடல் வேண்டும். 1849-ஆம் ஆண்டில், இருபத்துநான்கு வயது நிரம்பிய அவரும் அவருடைய தோழர்களும் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் தொடங்கினர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற காலம் அது. வீடுவீடாகச் சென்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்டனர். பலரின் ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டனர். தத்தம் உத்தியோகத்துக்குப் போகுமுன் காலை வேளைகளில், ஒரு சதமும் வாங்காமல் அவர்களே கற்பித்தனர். எழுத்தறியாத மாணெக்பாய் இம்முயற்சியில் மகனுக்குத் துணை நின்றார். இரண்டு ஆண்டுகளின் பின், 1851-இல், உண்மை பேசுவோன் எனப் பொருள்படும் ராஸ்த் கோப்தார் என்ற குஜராத்திப் பத்திரிகையையும் தாதாபாய் தொடங்கினார்.

பேராசிரியராய் இருந்தவர் 1855-ஆம் ஆண்டில் வியாபாரியாகி இலண்டனுக்குக் கப்பலேறியதைக் கண்டு பலரும் வியந்தனர். காமா குடும்பத்தினர் அங்கே நிறுவிய கம்பனியில் அவர் ஒரு பங்காளர். இங்கிலாந்தில் இந்தியர் நடத்திய முதற் கம்பனி அதுவே. ஆனால் அபினும் மதுவும் விற்று வரும் இலாபத்திற் பங்கு கொள்ள அவர் மனம் இசையவில்லை. விலகிக்கொண்டு, 1859-இல் தமக்கெனப் பருத்தி வியாபாரம் ஒன்றை ஆரம்பித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பம்பாயின் பருத்தி வியாபாரம் சரிந்தபொழுது அவரும் பெருநட்டம் அடைந்தார். வியாபாரத்துக்கு இடையே இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் பணியாற்றினார். எனவே பொருள் தேடுவதில் அவர் சிறந்த வெற்றி கண்டவர் என்று சொல்வதற்கில்லை. செல்வத்திற் புரண்டவர் பொழுதுபோக்காகச் செய்த பொதுப்பணியன்று அவர் செய்தது.

1866-ஆம் ஆண்டில் இலண்டனிலே கிழக்கிந்தியச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் முன் இந்தியாவுக்கு இங்கிலாந்து பட்ட கடன் என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தம் கடனைத் தாமே ஒப்புக்கொண்ட மனிதர், இப்பொழுது ஒரு சாம்ராச்சியத்தின் கடனைக் கணக்கிடத் தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. கணிதப் பேராசிரியரின் பயிற்சி இங்கே கைகொடுத்தது. அரசாங்கத்தாரின் அறிக்கைகளையே எடுத்து, மாகாணம் மாகாணமாக விளைச்சலைக் கணக்கிட்டு, 1867 முதல் 1870 வரையான காலத்தில் ஓர் இந்தியனின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று காட்டினார். பின்பு சிறைச்சாலையிற் கைதி ஒருவனுக்கு உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவை அதனோடு ஒப்பிட்டார். குற்றஞ் செய்தவனுக்குச் சிறையிற் கிடைப்பதுகூட, குற்றமே செய்யாத குடியானவனுக்கு அவன் வீட்டிற் கிடைப்பதில்லை என்பது அக்கணக்கால் வெளியாயிற்று.

இந்த வறுமைக்குக் காரணம் என்ன? இந்தியாவின் வரிப்பணத்தில் ஒரு பெரும்பகுதி திரும்பி வாராமல் இங்கிலாந்துக்கு ஓடுகிறது என்பதே தாதாபாயின் விடை. ஆங்கில உத்தியோகத்தர் மிச்சம்பிடித்து ஊருக்கு அனுப்பும் சம்பளம், அவர்களுடைய ஓய்வூதியம், கடனுக்கு வட்டி, படைச் செலவு எனப் பல வாய்க்கால்களால் அது வடிந்து போயிற்று. அவருடைய பிற்காலக் கணக்குகளின்படி இவ்வாறு போனது ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3 கோடி பவுண். இக்கணக்குகளை எல்லாம் திரட்டி, இந்தியாவின் வறுமையையும் பிரித்தானியப் பண்புக்கு ஒவ்வாத ஆட்சியையும் பற்றிய நூலாக 1901-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்வந்த தேசத் தொண்டர்கள் பலருக்கு அந்நூல் ஓர் ஆயுதசாலையாக விளங்கியது.

1874-ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தின் திவானாக அமர்ந்து, சீர்கெட்டிருந்த நிருவாகத்தைத் திருத்த முயன்றார். அரண்மனைச் சூழ்ச்சியும் ஆங்கிலப் பிரதிநிதியின் பகையும் சேர்ந்து இடர்செய்ய, ஏறக்குறைய ஓராண்டில் அப்பதவியைத் துறந்தார். அதன்பின் பம்பாய் மாநகரசபையில் உறுப்பினராய் உழைத்தார். 1885-ஆம் ஆண்டு பம்பாயில் இந்திய தேசியக் காங்கிரஸ் கூடியபொழுது அதனைத் தொடக்கியவர்களுள் அவரும் ஒருவர். 1886, 1893, 1906 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை அதன் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

இந்தியாவின் விதியைத் தீர்மானிப்பது இலண்டன் பாராளுமன்றம் ஆதலின், அங்கே சென்று பேசவேண்டும் என்று அவர் எண்ணினார். 1886-இல் ஹோல்பர்ன் தொகுதியிற் போட்டியிட்டுத் தோற்றார். 1888-இல் பிரதமர் சோல்ஸ்பரிப் பிரபு, ஒரு கறுப்பு மனிதரை ஆங்கில வாக்காளர் தெரிவுசெய்யுங் காலம் இன்னும் வரவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். அப்பேச்சு ஆங்கிலேயர் பலருக்கே வெட்கத்தைக் கொடுத்தது. அதுவரை அறியப்படாத தாதாபாயின் பெயர் எங்கும் பரவிற்று. 1892-ஆம் ஆண்டில், அறுபத்தாறாவது வயதில், மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் லிபரல் கட்சியின் சார்பில் வெற்றி பெற்றார். அவர் பெற்ற மேலதிக வாக்குகள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவன! கிறிஸ்தவர் அல்லாதவராகையால் தம் சமய நூலாகிய அவெஸ்தாவைக் கையில் ஏந்திச் சத்தியப்பிரமாணஞ் செய்தார். அன்று அவரைச் சீமைக்கு அனுப்ப அஞ்சிய பெரியோர் உயிரோடிருந்து இக்காட்சியைக் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

இந்தியச் சிவில் சேவைப் பரீட்சையை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஏககாலத்தில் நடத்தல் வேண்டும் என்பது அவரது நெடுநாட் கோரிக்கை. 1893-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பாராளுமன்றம் அதற்கு இணங்கிய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. அரசாங்கமோ அதனைச் செயற்படுத்தாது விட்டது. எனினும் அவ்வாண்டு அவருடைய பொதுவாழ்வின் உச்ச ஆண்டு என்றே கூறவேண்டும். அதே ஆண்டுதான் அவருடைய வீட்டின் மீது பேரிடி விழுந்த ஆண்டுமாகும்.

தாதாபாய்க்கு ஒரே மகன், பெயர் ஆர்தேசீர். மருத்துவம் பயின்று கச்சு சமஸ்தானத்தில் வைத்தியராயிருந்தவர். இளம் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் விட்டு 1893-இல் அவர் திடீரென இறந்தார். தந்தையோ கடல்களுக்கு அப்பால் இலண்டனில் இருந்தார். மகனுடைய முகத்தை இறுதியாக ஒருமுறை பார்க்கும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டு மார்கழியில் லாகூர்க் காங்கிரசுக்குத் தலைமைதாங்க அவர் தாய்நாடு வந்தார். பம்பாய்த் துறைமுகத்திலும் வழிநெடுகப் புகையிரத நிலையங்களிலும் மக்கள் வெள்ளம் திரண்டு மாலைகளைக் குவித்தது. அம்மாலைகளைத் தாங்கிய தோள் ஒரே மகனை இழந்த தந்தையின் தோள் என்பதை எண்ணும்போது எம் உள்ளம் உருகுகின்றது.

அவர் மீண்டும் இலண்டனுக்கே போனார். இங்கே நாம் உண்மையை மறைத்தல் ஆகாது. 1886-ஆம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் பெரும்பாலும் இலண்டனிலேயே வாழ்ந்தார். பதினொரு வயதில், ஏழு வயதுச் சிறுமியாக அவர் மணந்த குல்பாய் அந்த ஆண்டுகளை எல்லாம் பிரிவிலே கழித்தார். விதவையான மருமகளும் தந்தையற்ற பேரப்பிள்ளைகளும் பாட்டனாரின் அருகிருப்பை வேண்டியே இருந்திருப்பர். பொதுப்பணியின் விலையைத் தாதாபாய் மட்டும் கொடுக்கவில்லை. அவருடைய வீட்டாரும் கொடுத்தனர். பெரியோரின் கேள்வி வெறுங் கேள்வியன்று என்பதை இளைஞராகிய நாம் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆயினும் அவர் வீட்டை மறந்தவர் அல்லர். பேரப்பிள்ளைகளின் கல்வியைத் தம் பொறுப்பாகவே கொண்டார். கடிதங்கள் வாயிலாக அவர்களோடு உறவாடினார். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு நீதி, பெண்பிள்ளைகளுக்கு ஒரு நீதி என்று அவர் வைக்கவில்லை. 1849-இல் அயலார் வீட்டுப் பெண்களுக்காகக் கதவு தட்டியவர், தம் வீட்டுப் பேர்த்திமாரையும் உயர்கல்வி கற்கவிட்டார். அவர்களுள் பெரின் பாரிஸ் நகரிற் கற்றார். குர்ஷெத் அதே நகரில் மேனாட்டுச் சங்கீதம் பயின்றார். ஊருக்கு உபதேசித்ததைத் தம் வீட்டில் முதலிற் செய்து காட்டினார் என்பதே அவருடைய பெருமை.

வேற்றார் பிள்ளைகளுக்கும் அவர் பாட்டனாராகவே இருந்தார். 1888-இல் இலண்டனுக்குச் சட்டம் படிக்க வந்த கூச்சமுள்ள ஓர் இளைஞர், தாதாபாய்க்கு எழுதிய அறிமுகக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். இவ்வளவு பெரியவருக்குத் தொந்தரவு கொடுப்பதா என்று தயங்கி, நெடுநாள் அதனைக் கொடாமலே வைத்திருந்தார். கூட்டங்களில் ஒரு மூலையில் இருந்து அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார். அவ்விளைஞரே காந்தியடிகள். பின்னர் தென்னாபிரிக்காவிலிருந்து அவர் எழுதிய முறைப்பாடுகளை ஏற்று, குடியேற்ற நாட்டு அமைச்சின் காதுக்கு எட்டச் செய்தவர் தாதாபாய்.

1895-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். எனினும் இந்தியச் செலவுகளை ஆராய அவ்வாண்டு நியமிக்கப்பட்ட வெல்பி ஆணைக்குழுவில் ஓர் அங்கத்தவரானார். அதன்முன் 1897-இல் சாட்சி சொல்ல இந்தியாவிலிருந்து வந்தவர்களுள் கோகலேயுடன், சுதேசமித்திரனைத் தோற்றுவித்த எங்கள் தமிழர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். 1906-ஆம் ஆண்டில் காங்கிரஸ் இரண்டாகப் பிளவுபடும் நிலையில் இருந்தபொழுது, இரு சாராரும் மறுக்க முடியாத ஒரே மனிதரென எண்பத்தொரு வயதுக் கிழவரைக் கடல் கடந்து அழைத்தனர். கல்கத்தாவிலே அவருடைய தலைமையுரையின் பெரும்பகுதியைக் கோகலேயே வாசிக்க வேண்டியதாயிற்று. அவ்வளவுக்குக் கிழவரின் குரல் தளர்ந்திருந்தது. சுயராச்சியமே இந்தியரின் குறிக்கோள் என்பதை அவ்வுரை உலகறியச் சொல்லிற்று. குடும்பத்திற் பிணக்கு நேர்ந்தால் பாட்டனாரை நடுவில் இருத்துவது போன்ற செயலே அது.

1907-ஆம் ஆண்டில் அவர் இலண்டனை விட்டு நிலையாகத் தாயகம் திரும்பினார். பம்பாய்க்கு அண்மையிலுள்ள வெர்சோவாக் கடற்கரையில், பேரப்பிள்ளைகள் சூழக் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1916-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1917-ஆம் ஆண்டு யூன் மாதம் 30-ஆந் திகதி, தமது 91-ஆவது வயதில் தாதாபாய் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்த பின் நிகழ்ந்ததையுஞ் சொன்னாற்றான் கதை முடியும். கோஷி, நர்கிஸ், பெரின், குர்ஷெத் என்னும் பேர்த்திமார் நால்வரும் காந்தியடிகளின் இயக்கத்தில் இறங்கினர். பாரிசிற் படித்தவர்கள் கதர் உடுத்தி, அதனை வீதிகளில் விற்றனர். பெரின் சட்டமறுப்பில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1954-இல் சுதந்திர இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. குர்ஷெத் தம் சங்கீத வாழ்வைத் துறந்து, வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டாணியர் நடுவே தொண்டாற்றிச் சிறைவாசமும் அனுபவித்தார். பாட்டனாரின் வழி மனுவும் கணக்கும் பாராளுமன்றமும். பேர்த்திமாரின் வழி மறியலும் சிறையும். வழி வேறானாலும் அவர்கள் தீர்த்த கடன் ஒன்றே. தம்மோடு வீட்டில் இருக்க முடியாத பாட்டனாரை வெறுத்து ஒதுங்காமல், அவர் விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடர்ந்தார்கள். பெரியோர் எழுப்பிய கேள்விக்கு அவர்களே தக்க விடையாவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

சங்கத்துச் சகோதர சகோதரிகளே, இலங்கையில் 1945-ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருந்துவருகிறது. இன்று பல்கலைக்கழகத்திற் கற்கும் நான் விரிவுரைகளுக்கெனச் சம்பளம் கட்டுவதில்லை. அச்செலவைத் தேயிலைக் கொழுந்து கிள்ளும் தாயும், வயலில் நிற்குங் கமக்காரனும், கடலுக்குப் போகும் மீனவனும், தாம் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் செலுத்தும் வரியால் எனக்காகக் கட்டுகின்றனர். இருபது வயதிற் தாதாபாய் உணர்ந்த கடன் எம் ஒவ்வொருவர் கணக்கிலும் அப்படியே இருக்கின்றது.

அதனைத் தீர்க்கப் பாராளுமன்றம் போகவேண்டியதில்லை. வேலைக்குப் போகுமுன் காலையில் ஒரு மணிநேரம் அயலார் பிள்ளைகளுக்குக் கற்பித்தே அவர் தொடங்கினார். எமது சங்க மண்டபம் மாலை வேளைகளிற் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் இரு மாலைகள் அதனைத் திறந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க என்னால் முடியும். இன்னும் இருவர் முன்வந்தால் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பிக்கலாம். பெரியோர்கள் திறப்பைத் தந்து, பிள்ளைகளை அனுப்பி உதவுவார்களாக.